கூடத்தோடு நின்ற செயல்விளக்கம்

சென்ற மாதம் வடமாலபேட்டையில் என் தங்கை மகன் கட்டிய புதுவீட்டுக்குப் போயிருந்தேன். விருந்தினர் ஒருவர் அவனுக்கு ஈரத்தரையைத் துடைத்து உறிஞ்சும் பொறியொன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். துணியும் வாளியும் இனி எதற்கு என்று அதன் பெட்டிமேல் அச்சிட்டிருந்தார்கள். "மாமா, நீங்க இந்த லைன்லயே இருந்தவரு. சொல்லுங்க, இது நெஜந்தானா?" என்று அவன் பந்தியில் எல்லோர் முன்னும் கேட்டான். கொடுத்தவர் எனக்கு இரண்டு இலை தள்ளி உண்டுகொண்டிருந்தார். "நல்ல பொறிதான்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டேன்.

நான் சொன்னது பொய்யன்று. முழு விடையும் அன்று. அரை விடை சொல்லும் அப்பழக்கத்தால் ஒரு வீட்டில் என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவன் நான். ஆகவே எஞ்சிய பாதியை இங்கே எழுதுகிறேன்.

நான் சித்தூரில் தமிழ் பயின்று புலவர் பட்டம் பெற்றவன். அங்குத் தமிழாசிரியர் பணியிடங்கள் மிகச் சில. ஈராண்டு காத்திருந்தபின், வீட்டுத் துப்புரவுப் பொறிகளை விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் செயல்விளக்கப் பணியாளனாகச் சேர்ந்தேன். தமிழிலும் தெலுங்கிலும் தடையின்றிப் பேசுவேன் என்பதே என் தகுதி. இரண்டு வாரம் பயிற்சி. பின்னர்ச் சித்தூரில் பதினேழு ஆண்டு, திருப்பதியில் பதினான்கு ஆண்டு.

தொடக்கக் காலப் பொறி ஒரு பெருங்கலமும் நீண்ட குழாயும் கொண்டது. தரையில் நீரைத் தெளித்துத் தேய்த்தபின், கலங்கிய நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவது மட்டுமே அதன் தொழில். தேய்ப்பது மனிதரின் தொழில். விற்கும்போது இந்த வேறுபாட்டை நாங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

குடிபாலாவில் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் அப்பொறியை வாங்கியிருந்தது. ஒருநாள் மாங்கூழ் நிறைந்த பெருஞ்சாடி உடைந்து கூடம் முழுவதும் பரவிவிட, பொறி அதை ஒரே மூச்சில் உறிஞ்சியது. வீட்டார் வியந்தனர். நான்காம் நாள் வீட்டுக்காரி தேசம்மாள் ஆளனுப்பி என்னை அழைத்தார். வாயிலிலேயே புளித்த நாற்றம். கலத்தைத் திறந்தேன், கூழ் அப்படியே நுரைத்துக் கிடந்தது. தரையிலோ காய்ந்த மாநார் ஒட்டி, அடிவைக்குந்தோறும் கால் பிசுபிசுத்தது.

"இன்னா நைனா, உன் மிசினு நல்லாத்தான் துன்னுது. செமிக்கத்தான் தெரியல அதுக்கு" என்றார் அவர்.

ஒவ்வொரு முறையும் கலத்தைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும், காய்ந்த பிசுக்கை வெந்நீரூற்றிக் கையால் தேய்த்த பின்னரே பொறியை ஓட்ட வேண்டும் என்று விளக்கினேன். "அப்போ தரையையும் களுவிக்கினு, மிசினையும் களுவிக்கினு இருக்கணும். ஏன் நைனா, வாங்கறப்போ இதைச் சொல்றதுக்கு வாய் வலிச்சிதா?" என்று அவர் கேட்டதும் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியை நான் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். நகைச்சுவையாகக் கொண்டு போய்விட்டேன்.

திருப்பதிக்கு மாற்றலாகிச் சென்றபோது, பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவராகக் கோதண்ட நாயுடு இருந்தார். எல்லோரும் அவரை நாயுடுகாரு என்பர். தாய்மொழி தெலுங்கு, தமிழைத் தம் விருப்பம்போல் வளைத்துப் பேசுவார். எந்த வீட்டுக்குச் சென்றாலும் அவர் முதலில் பொறியைத் தொடமாட்டார். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தரை முழுவதும் மூலைக்கு மூலை வெறுங்காலால் நடப்பார். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியை நான்காக மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தரையில் அழுத்தி ஒரு சாண் இழுப்பார், நிறத்தைப் பார்ப்பார், முகர்வார். மூன்றாவதாக ஒரு குவளை நீர் கேட்டு வாங்கித் தரையில் மெல்லச் சாய்ப்பார். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கல்லிடுக்கில் இறங்குகிறதா, சுவரோரம் தேங்குகிறதா, முத்துமுத்தாகத் திரண்டு நிற்கிறதா என்று குந்தியமர்ந்து நோக்குவார். திரண்டு நின்றால் அத்தரையில் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். இவ்வளவும் முடிந்த பின்னரே, "சரே, இப்போ மிசினைக் கொண்டா" என்பார். வேலை முடியும்வரை அவ்வீட்டுக் காப்பியைத் தொடமாட்டார்.

ஒருமுறை நான் நேரே பொறியைத் திறந்து அமர்ந்துவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "அதி காதய்யா, அப்படி இல்லே, தணிகாசலம். நோவு தரைக்கா, மிசினுக்கா? அதைப் பாக்காம வயித்தைக் கிழிச்சுட்டியே" என்றார். அன்றுமுதல் பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் அவர் முறையையே நானும் பின்பற்றினேன். செயல்விளக்கத்துக்குப் போகும் வீடுகளில் பின்பற்றவில்லை. விற்பது வேறு, பழுதுபார்ப்பது வேறு என்று எண்ணியிருந்தேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு புதுவகைப் பொறி வந்தது. கைப்பிடியுடன் நிமிர்ந்து நிற்பது, மின்கலத்தால் இயங்குவது. தூய நீருக்கு ஒரு தொட்டி, அழுக்கு நீருக்கு ஒரு தொட்டி. அடியில் துணிபோர்த்த உருளை சுழன்று தரையைத் தேய்க்கும். ஒரு தகடு உருளையை வழித்துவிட, வழிந்த அழுக்கு நீரைப் பொறி உறிஞ்சும். தேய்ப்பதும் உறிஞ்சுவதும் ஒன்றாய்விட்டமையால் பழைய குறை நீங்கிற்று என்று நாங்கள் மகிழ்ந்தோம். பெரும்பகுதி உண்மையும் அதுவே.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

திருப்பதியில் மாடவீதிக்குப் பின்புறச் சந்தொன்றில் அவ்வீடு இருந்தது. தலைமுறைகளாகத் திருமலையில் கைங்கரியம் செய்துவந்த தமிழ் வைணவக் குடும்பம். சம்பத் சுவாமி பாசுரம் ஓதும் கோஷ்டியில் நாற்பதாண்டு நின்றவர். பக்கவாதம் வந்து, பேச்சும் கைகளும் மீண்டபோதும் வலக்கால் தளர்ந்தே இருந்தது. காலைதோறும் அரைமணி நேரம் தைலம் தேய்த்துவிட வேண்டும். அவர் துணைவியார் வேதவல்லி அம்மையார் அதைச் செய்வார். சிந்திய தைலத்தைப் பின்னர் மண்டியிட்டுத் துடைப்பார். அம்மையாருக்கு இரு முழங்காலும் தேய்ந்திருந்தன. இனித் தரையில் மண்டியிடவே கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டதால் எங்களை அழைத்தார்.

கூடத்தில் செயல்விளக்கத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "வேதா, அவர்கிட்டச் சொல்லு. நான் திருமலைக்கெல்லாம் ஏறப்போறதில்லை. கட்டில்லேர்ந்து கோயிலாழ்வார் வரைக்கும் பதினாலு அடி. அது என் கால்ல போகணும். தரை சுத்தமா, உலர்ந்து இருக்கணும்."

கோயிலாழ்வார் என்பது அவர்கள் இல்லத்துப் பூசைமாடத்தின் பெயர். அவர் நோயுற்ற நாள்முதல் மருமான் ஒருவர் வந்து அன்றாட வழிபாட்டைச் செய்துவந்தார். தாமே நடந்துசென்று தம் கையால் அதைச் செய்ய வேண்டும் என்பதொன்றே சுவாமியின் விருப்பம். அம்மையார் இதைத் தாழ்ந்த குரலில் எனக்கு விளக்கினார்.

கூடத்தில் புதிய டைல்ஸ் பதித்திருந்தார்கள். பாலும் காப்பித்தூளும் கலந்து அதில் ஊற்றி, பொறியை ஒருமுறை ஓட்டினேன். கறை மறைந்தது. அம்மையார் குனிந்து உருளையைப் பார்த்தார்.

"டேங்க் ரெண்டுன்னு சொல்றேள், சரி. உருட்டற துணி ஒண்ணுதானே?"

"தூய நீர் அதன்மேல் பாய்ந்துகொண்டே இருக்கும் அம்மா. அழுக்கு தங்காது" என்றேன். அது விளக்கச் சுவடியில் இருந்த தொடர்.

"சாப்பிட்ட எடத்துல ஓட்டிட்டு அதையே ஆத்துல முழுக்க ஓட்டினா எச்சல் எல்லா எடத்துக்கும் போகாதா?"

மடி, ஆசாரம் பற்றிய ஐயம் இது என்று நான் உள்ளுக்குள் புன்னகைத்துக்கொண்டேன். உண்ட இடத்தை மட்டும் துணியால் துடைத்துக்கொள்ளும்படி பணிவாகக் கூறினேன். அவருக்கு அது மனநிறைவாயிற்று. எனக்கும் விற்பனை முடிந்தது.

உள்ளறைத் தரையை நான் பார்க்கவில்லை. என் முன்னோர் நகரிப் பக்கத்தில் நிலம் உழுதவர்கள். இத்தகைய வீடுகளில் கூடத்தைத் தாண்டக் கூடாது என்பதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஆயினும் கால் தானே நின்றது. உள்ளே வரலாமா என்று ஒருசொல் கேட்டிருக்கலாம். கேட்பதே முறையன்று என்று எண்ணினேன். அதனை மரியாதை என்றும் கருதிக்கொண்டேன்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அம்மையார் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நாயுடுகாரு எடுத்தார். உருளையில் தைல நாற்றம் போகவில்லை என்பது முறையீடு. வேறொரு செய்தியைச் சொல்வதுபோல், சுவாமி முதன்முறையாகச் சுவரை விட்டு நடக்க முயன்ற அன்று ஒன்பதாம் அடியில் வழுக்கி விழுந்தார், இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது, அதனால் உருளையைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று என்றும் கூறினார். இரண்டையும் அவர் இணைத்துப் பார்க்கவில்லை. நாயுடுகாரு, "அந்த ரூம்ல மிசின் ஓட்டுறீங்களா அம்மா?" என்று ஒன்றுமட்டும் கேட்டார். ஆமாம் என்று விடை வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு என்னை நோக்கினார். "அங்க எந்தக் கல்லு போட்டிருக்கு?" எனக்குத் தெரியவில்லை.

அவ்வீட்டை அடைந்ததும் அவர் வாயிலில் நின்று, "அம்மா, காலைக் கழுவிட்டு உள்ள வரலாமா?" என்றார். அம்மையார் பின்கட்டுக் குழாயைக் காட்டினார். நாயுடுகாரு கால் கழுவி நேரே உள்ளறைக்குப் போனார். நான் கூடத்தில் நின்றேன். "ஏன் நிக்கறே?" என்றார் அவர். உள்ளே வரலாமோ என்று தயங்கியதைச் சொன்னேன்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "வரப்படாதுன்னு யார் சொன்னா? அன்னிக்கு நீங்க கேக்கவே இல்லையே, தணிகாசலம். கூடத்தோட முடிச்சுண்டு கிளம்பிட்டேள்."

உள்ளே பழைய கடப்பைக்கல் தரை. நடந்து நடந்து வழவழத்த கரிய கற்கள். இடையில் விரல்நுனி புகும் இடுக்குகள். நாயுடுகாரு நான்கடி நடந்தார். ஐந்தாம் அடியைப் பின்னுக்கு இழுத்தார். வெள்ளைத்துணியைக் கட்டிலருகே அழுத்தியபோது மஞ்சளாயிற்று. அறையின் நடுவிலும் மஞ்சள். வாயிற்படியருகே, தைலம் ஒருநாளும் சிந்தியிராத இடத்தில், அங்கும் மஞ்சள். குவளை நீரைச் சாய்த்தார். அது முத்துமுத்தாக நின்றது.

எங்களுக்கு எல்லாம் விளங்கிற்று. குளிர்ந்த நீரில் எண்ணெய் கரைவதில்லை. தகடு உருளையிலிருந்து நீரை வழித்தது. எண்ணெய் துணியிலேயே தங்கியது. அடுத்த சுற்றில் உருளை அதைத் தரையின்மேல் மெல்லிய பூச்சாகப் பூசியது. பொறி வாங்குமுன் தைலம் கட்டிலைச் சுற்றி மட்டும் இருந்தது. வாங்கியபின் பதினான்கு அடிக்கும் பரவிற்று. பார்வைக்குத் தரை கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. கல்லிடுக்குகளில் உருளை புகவில்லை. அங்கே அழுக்கும் தைலமும் குழைந்து மை போலாகியிருந்தன. பிசுக்குப் போகட்டும் என்று அம்மையார் சோப்பு நீரைக் கூட்டியிருந்தார்; அதன் வழவழப்பும் சேர்ந்துகொண்டது.

நாயுடுகாரு தெலுங்கும் தமிழுமாக இதைச் சொல்லி முடித்தபோது அம்மையார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எச்சல் எடத்துல ஓட்டப்படாதுன்னு இருந்தேனே. தைலம் மருந்துதானே, அதுல என்ன தோஷம்னு இருந்துட்டேன்" என்றார்.

அவர் அன்று கேட்ட கேள்வி சரியான கேள்வி. பொறியை வடிவமைத்தவரிடமே கேட்கத் தக்கது. நான் அதை ஆசாரம் என்று ஒதுக்கியமையால், அவரும் அதை ஆசாரத்தின் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உண்ட இடம் காப்பாற்றப்பட்டது. நடக்கும் இடம் காப்பாற்றப்படவில்லை.

சம்பத் சுவாமியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இடக்கையில் மாவுக்கட்டு. சுவர் இடப்பக்கம் இருந்தது; அதைப் பற்றி நடக்க அவருக்கு உதவிய கை அதுவே. "நாப்பது வருஷம் ஈரக் கல்லுல நின்னேன். ஒருநாள் வழுக்கினதில்லை" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விழுந்த நாள்முதல் அவர் தரையில் கால் ஊன்ற மறுக்கிறார் என்று அம்மையார் மெல்லச் சொன்னார்.

நாயுடுகாரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். அரிசிமாவு கேட்டு வாங்கித் தூவி, அது எண்ணெயைக் குடிக்கும்வரை காத்திருந்தார். அட்டைத்துண்டால் மாவை வழித்தெடுத்தார். சீயக்காய்த் தூள் கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, ஒரு கல் முடித்து மறு கல் என்று தேய்த்தார். இடுக்குகளைத் தென்னங்குச்சியால் கீறினார். பின் இருமுறை வெறும் வெந்நீர். இறுதியில் உலர்ந்த துணி. நானும் எதிர்மூலையிலிருந்து அவ்வாறே செய்துவந்தேன். நடுவில் இருவரும் சந்தித்தபோது உச்சிப்பொழுது ஆகியிருந்தது. மறுபடியும் நீரைச் சாய்த்தார். அது பரந்து ஓடிற்று.

"நித்தம் இப்படியா?" என்று அம்மையார் கேட்டார்.

தைலம் தேய்க்கும்போது அடியில் பழைய வேட்டியை விரித்துவைக்கலாம், உள்ளங்காலை மாவால் துடைத்துவிடலாம், அதனால் பாதி குறையும் என்றார் நாயுடுகாரு. நீண்ட கோலில் கட்டிய துணியும் பொறியைப் போலவே எண்ணெயை இழுத்துப் பரப்பும். கையால் அழுத்தித் துடைப்பது ஒன்றே வழி என்றும் சொன்னார். பணிப்பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்யட்டுமா என்று நான் வினவினேன். பெருமாள் இருக்கும் அறை, வேண்டாம் என்றுவிட்டார் அம்மையார்.

"அப்போ நான் மறுபடியும் தரையில உக்காரணும்."

நாயுடுகாரு கையிலிருந்த துணியை மடித்துவைத்தார். "அவுனம்மா. இந்த ரூம் வரைக்கும் ஆமாம்" என்றார்.

அன்று அவர் காப்பி அருந்தவில்லை. அலுவலகம் திரும்பியதும் முறையீட்டுப் படிவத்தை என்முன் வைத்தார். காரணம் என்னும் கட்டத்தில், பயன்படுத்தியவர் பிழை என்று எழுதுவது எங்கள் வழக்கம். "உன் கையால எழுது. உண்மையை எழுது" என்றார். 'செயல்விளக்கம் செய்தவர், பொறி ஓடவேண்டிய தரையைப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் அதன்கீழ்த் தாமும் கையொப்பமிட்டார். பணிமூப்பில் எனக்கு வரவேண்டிய உயர்வு அவ்வாண்டு வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அதன்பின் நான் விற்ற வீடுகளுக்கெல்லாம் ஞாயிறுதோறும் சென்றேன். ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்டு உள்ளே போனேன். மறுத்தவர் ஒருவரும் இல்லை. புதிதாகச் சிந்திய நீரையும் பாலையும் தூசையும் இப்பொறி நன்றாக எடுக்கும். எண்ணெய், காய்ந்த பிசுக்கு, கல்லிடுக்கு, சுவரோரத்து ஒரு விரலகலம், தாழ்ந்த கட்டிலின் அடி ஆகியவற்றில் அது கைக்கு ஈடாகாது. ஓட்டியபின் உருளையைக் கழற்றி அலசி வெயிலில் போடாவிட்டால் நேற்றைய அழுக்கையே இன்று பூசும் என்று சொன்னேன். சிலர் சினந்தனர். இருவர் பொறியைத் திருப்பிக் கொடுத்தனர்.

வேதவல்லி அம்மையார் திருப்பிக் கொடுக்கவில்லை, கூடத்துக்கு வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, உருளை மாற்றுவதற்காக ஒரு காலைப்பொழுதில் அங்குச் சென்றேன். கால் கழுவிக்கொண்டு வந்தபோது உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

அம்மையார் கட்டிலுக்கு எதிரே மண்டியிட்டிருந்தார். சுவாமி மாவுக்கட்டு நீங்கிய கையைச் சுவரில் வைத்து நின்றிருந்தார். அம்மையார் ஒரு கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ம்" என்றார். சுவாமி அக்கல்லில் கால் வைத்தார். அம்மையார் முழங்காலால் பின்னோக்கி நகர்ந்து அடுத்த கல்லைத் துடைத்தார். மீண்டும் "ம்". அவர் துடைக்கத் துடைக்க இவர் நடந்தார். முன்பு விழுந்த ஒன்பதாம் அடியை வைக்குமுன் சுவாமி நின்றுவிட்டார். அவர் கேட்காமலே அம்மையார் அந்தக் கல்லை இரண்டாம் முறை துடைத்தார். பிறகு அந்த அடியும் வைக்கப்பட்டது. என் கையில் புது உருளை இருந்தது. நான் அசையவில்லை.

பதினான்காம் அடியில் அவர் கோயிலாழ்வாரின் கதவைப் பற்றிக்கொண்டார். கீழே பார்த்தார். அம்மையார் தரையிலேயே இருந்தார். எழ முயன்றார், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. நான் முன்னால் அடியெடுத்து வைத்தேன். அம்மையார் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

"மெதுவா எழுந்திரு, வேதா" என்றார் சுவாமி. "பெருமாள் காத்துண்டிருப்பார்."

அம்மையார் ஒரு கையைக் கல்லில் ஊன்றி, மறுகையால் நிலைச்சட்டத்தைப் பிடித்து, இடையில் இருமுறை நின்று மூச்சுவாங்கினார். அவர் எழுந்து நிற்கும்வரை சுவாமி பூசைமணியைக் கையில் எடுக்கவில்லை.